தனி அடுப்பு

காஜாக்காவுக்கு வேறு பெயர் இருந்தது. அடையாள அட்டையில் இருந்தது, கல்யாணப் பத்திரிகையில் இருந்தது. கோபம் வந்தால் அவள் கணவர் அந்தப் பெயரை முழுசாகச் சொல்லிக் கூப்பிடுவார். மற்றபடி சந்து முழுக்க அவள் காஜாக்காதான். இருபத்தாறு வருஷமாகத் தையல் கடையில் காஜா எடுக்கிறாள். சட்டையில் பட்டன் நுழைகிற ஓட்டையைக் கீறி, விளிம்பு பிரியாமல் நூலால் சுற்றிக் கட்டுகிற வேலை. மெஷின் வந்து ரொம்ப நாள் ஆகியும், நல்ல துணி வந்தால் கடைக்காரர் மெஷினைத் தாண்டி அவளிடம்தான் வருவார்.

கணவர் இறந்த செய்தி கடைக்கு வந்தபோது அவள் மடியில் ஒரு சட்டை இருந்தது. மூன்று காஜா பாக்கி. பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார் என்று சொல்ல வந்த ஆள், இவள் எங்கே விழுந்துவிடுவாளோ என்று கையை நீட்டிக்கொண்டு நின்றான். அவள் விழவில்லை. மூன்று காஜாவையும் எடுத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்து, சட்டையை மடித்து வைத்துவிட்டுத்தான் எழுந்தாள். இதைச் சந்து மாதக்கணக்கில் மென்றது. கல்நெஞ்சுக்காரி என்றது. அதிர்ச்சியில் அப்படித்தான் இருக்கும் என்று படித்தவர்கள் சொன்னார்கள். பேசுகிற வாய்க்கு என்ன, வாடகையா கொடுக்கிறது?

உண்மையில் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. அழுகை வரும் என்று அவளும் எதிர்பார்த்தாள். முதல் வாரம், இதோ வந்துவிடும் என்று முந்தானையைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். வரவில்லை. பிறகு எதிர்பார்ப்பதையும் விட்டுவிட்டாள். வேலைக்குப் போனாள், வந்தாள், குளித்தாள், துணி காயப்போட்டாள். அடுப்பு மூட்டுவது மட்டும் நடக்கவில்லை. அடுப்படிக்குப் போய் நிற்பாள், எதற்கு வந்தோம் என்பது மறந்துவிடும். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிடுவாள்.

இதை முதலில் கவனித்தது அவள் ஓரகத்தி. கணவருடைய தம்பி பெண்டாட்டி. வீட்டில் இவள் பெரியவள், அவள் சின்னவள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். கொழுந்தன் பதினொரு வருஷத்துக்கு முன்னால் வெளிநாட்டு வேலைக்கு என்று போனவன். இரண்டு வருஷம் கடிதம் வந்தது, அப்புறம் கடிதமும் இல்லை, ஆளும் இல்லை. சின்னவள் தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடவில்லை. பள்ளிக்கூடத்தில் ஆயா வேலைக்குச் சேர்ந்தாள், மகளை நர்ஸ் படிப்பில் சேர்த்து வெளியூர் விடுதியில் விட்டாள். தகரமும் தட்டியுமாக இருந்த வீட்டைக் கல் கட்டிடமாக மாற்றினாள். கொத்தனார் சுவர் எழுப்பினார் என்றால் கல் சுமந்தது இவள்தான். லீவு நாளெல்லாம் அதற்கே போயிற்று. அந்த வீட்டில் அவள் தலை படாத கல் ஒன்றுகூடக் கிடையாது.

சின்னவள் ஒரு வாரம் மூன்று வேளையும் தட்டில் சாப்பாடு வைத்து மூடி, தெரு வழியாகச் சுற்றி வந்து பெரியவளுக்குக் கொடுத்தாள். எட்டாவது நாள் மழை பிடித்துக்கொண்டது. சின்னவள் வாசலில் நின்று மழையைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், உள்ளே போய்க் கடப்பாரையை எடுத்து வந்தாள். தான் சுமந்து கட்டிய சுவரைத் தானே இடித்தாள். குனிந்து போய் வர ஒரு வழி ஆயிற்று.

“சுத்தி வர முடியலைக்கா,” என்றாள். விளக்கம் அவ்வளவுதான். பெரியவளும் அதற்கு மேல் கேட்கவில்லை. அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் சேர்த்துச் சின்னவளுடைய அடுப்பு ஒன்றுதான் எரிந்தது.

இப்படி ஒரு நாலு மாதம் போனபோது திட்டம் வந்தது. சந்து இருக்கிற இடம் நகராட்சிக்குச் சொந்தம். கிடங்குகளுக்குப் பின்னால், வேண்டாத நிலம் என்று கிடந்த காலத்தில் வந்து குடியேறியவர்கள். காலி பண்ணச் சொல்லப் போகிறார்கள் என்ற பேச்சை இருபது வருஷமாகக் கேட்டுக் கேட்டு, குழந்தைகள்கூட அதற்குப் பயப்படுவதை விட்டிருந்தார்கள். இப்போது வந்த பேச்சு வேறு. அதே இடத்தில் நாலு மாடிக் கட்டிடம், குடும்பத்துக்கு ஒரு வீடு, உள்ளேயே சமையலறை, உள்ளேயே கழிப்பறை. நிலம் நகராட்சி தரும், வரைபடமும் பொறியாளரும் ஒரு தொண்டு நிறுவனம் தரும், யார் யார் குடியிருக்கிறார்கள் என்ற பட்டியலைக் குடியிருப்போர் சங்கம் தரும். மூன்று தரப்பும் கைகோத்துச் செய்வது என்று ஏற்பாடு. மூன்று தரப்பு சேர்ந்து ஒரு காரியம் செய்வதென்றால் முதலில் மூன்று தரப்பும் உட்கார நாற்காலி வேண்டும். யார் நாற்காலி நடுவில் என்பதிலேயே நாலு கூட்டம் போயிற்று.

தொண்டு நிறுவனத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். சந்து அவளை ‘வரைபடம்’ என்று கூப்பிட்டது, அவளும் திரும்பிப் பார்த்தாள். கெட்டிக்காரப் பெண். காலி மனையில் சுண்ணாம்புத் தூளால் வீட்டை நிஜ அளவில் கோடு போட்டு, உள்ளே நடந்து பாருங்கள், படுத்துப் பாருங்கள் என்றாள். ஜனங்கள் கோட்டுக்குள் நடந்தார்கள், படுத்தார்கள், இல்லாத ஜன்னலை எட்டிப் பார்த்தார்கள். ஒரு அம்மாள் சுண்ணாம்புச் சமையலறையில் குனிந்து நிமிர்ந்து, பின்பக்கம் இடிக்கிறது என்றாள். வரைபடம் அங்கேயே ஒரு கோட்டை அழித்து அரை அடி தள்ளிப் போட்டாள். தாங்கள் சொல்லி ஒரு சுவர் நகர்ந்ததைச் சந்து அன்றுதான் முதல் தடவை பார்த்தது. காஜாக்காவும் ஒரு அறைக்குள் போய் நின்றாள். எப்படி இருக்கிறது என்று வரைபடம் ஆசையாகக் கேட்டாள். அளவு சரியாக இருக்கிறது என்றாள் காஜாக்கா.

பட்டியல் எழுத ஆள் வேண்டியிருந்தது. நகராட்சி ஆள் எழுதினால் பாதி வீடு விட்டுப்போகும். சங்கத்து ஆள் எழுதினால் இல்லாத வீடு பாதி சேர்ந்துவிடும். கையெழுத்து நன்றாக இருக்க வேண்டும், யார் பக்கமும் சாயக் கூடாது. சங்கத் தலைவர் பஞ்சர் கடை வைத்திருப்பவர், எதையும் சுற்றி வளைக்காமல் சொல்கிறவர்.

“காஜாக்காகிட்ட குடுத்துடுங்க. அதுக்கு இப்ப யார் மேலயும் ஆசையும் இல்ல, யார் மேலயும் கோவமும் இல்ல,” என்றார். கூட்டம் சிரித்தது. பிறகு, அவர் சொன்னது நிஜம் என்று பட்டதும் சிரிப்பை நிறுத்திக்கொண்டது. காஜாக்கா எழுந்து போய்ப் படிவக் கட்டை வாங்கிக்கொண்டாள்.

படிவத்தில் பன்னிரண்டு விதி இருந்தது. நாலாவது விதி இது: ஒரே அடுப்பில் சமைத்து உண்பவர்கள் ஒரு குடும்பமாகக் கொள்ளப்படுவர். எந்த ஊரில் எந்த மேஜையில் உட்கார்ந்து எழுதினார்களோ, பார்வைக்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஒரு வரி தெரிந்த மறுநாளே சந்தில் அடுப்புகள் பெருக ஆரம்பித்தன. பத்து வருஷமாகக் கூட்டாகச் சாப்பிட்ட அண்ணன் தம்பி வீட்டில் மூலைக்கு ஒரு அடுப்பு முளைத்தது. மாமியாருக்குத் தனி, மருமகளுக்குத் தனி. ஒரு வீட்டில் புது அடுப்பின் மேல் ஒட்டியிருந்த கடைக்காரன் தாளைக்கூடக் கிழிக்கவில்லை. மூன்று வருஷமாக இதில்தான் சமைக்கிறோம் என்றார்கள்.

காஜாக்கா வாதாட மாட்டாள். அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் விரலை வைத்து இழுத்துப் பார்ப்பாள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் எழுதுவாள், இல்லாவிட்டால் அடுத்த கேள்விக்குப் போய்விடுவாள். பிசுக்கை ஒரே நாளில் உண்டாக்க முடியாதே. வடக்கு வரிசையில் அவள் ஒரே காலையில் ஒரே அடுப்பை நாலு வீட்டில் பார்த்தாள். இடது பக்கம் சொட்டை விழுந்த அடுப்பு. அவள் முன்வாசல் வழியாக நுழைய, அது பின்வாசல் வழியாக அடுத்த வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. நாலாவது வீட்டுக்காரி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். “இது ரொம்ப நடந்துடுச்சு, கொஞ்சம் உட்கார விடு,” என்றாள் காஜாக்கா. கிண்டல் என்று நினைத்து அந்தப் பெண் சிரித்தாள். காஜாக்காவின் முகத்தில் சிரிப்பு இல்லை.

ஆக, தனித்தனி என்று சொல்லிக்கொண்ட பதினாலு ஜோடி வீடுகளை அவள் ஒன்று ஒன்றாகச் சேர்த்து எழுதினாள். அழுதார்கள். ஒருத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வேறொரு சமயமாக இருந்தால் காஜாக்கா இளகியிருப்பாள், இளகுகிற மனசுதான் அவளுக்கு. இப்போது அழுகிற முகத்தைப் பார்க்கிறாள், அது அழுகிறது என்று தெரிகிறது, அதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை. கையை விடுவித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

கடைசியாகத் தன் வீட்டுக்கு வந்தாள். நூற்று எண்பத்தொன்றாவது எண். தரையில் உட்கார்ந்து தனக்குத்தானே கேள்வி கேட்டு எழுதினாள். அடுப்பு எத்தனை? ஒன்று. யார் யார் உண்கிறார்கள்? தன் பெயர், சின்னவள் பெயர், விடுதியில் இருக்கும் மகள் பெயர். குடும்பத் தலைவர் யார்? வயதில் மூத்தவரை எழுதுக என்று படிவம் சொன்னது. தன் பெயரை எழுதினாள். எழுத்து ஒவ்வொன்றும் முத்து முத்தாக வந்தது. படிவத்தை மடித்துக் கட்டோடு சேர்த்தாள். அந்த ஒரு தாளால் சின்னவளுக்கு வீடு இல்லாமல் போகிறது என்பது அப்போது அவள் புத்தியில் ஏறவே இல்லை.

தற்காலிகப் பட்டியலைத் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினார்கள். சின்னவள் வேலை முடிந்து வரும் வழியில் நின்று படித்தாள். மேலிருந்து கீழே படித்தாள், கீழிருந்து மேலே படித்தாள். பிறகு வீட்டுக்கு வந்து, கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல், சுவரில் இடித்த வழியில் குனிந்து இந்தப் பக்கம் வந்தாள்.

“என் வீடு எங்கக்கா?”

“நம்ம வீடு நூத்தி எண்பத்தொண்ணு.”

“அது உன் வீடு. என் வீடு எங்கேன்னு கேக்குறேன்.”

காஜாக்கா விதியைச் சொன்னாள். ஒரே அடுப்புதானே என்றாள். சின்னவள் அப்போதுதான் கைப்பையைத் தோளிலிருந்து இறக்கினாள்.

“உனக்குச் சோறு போட்டேன். அதுக்கு என் வீட்டைக் கழிச்சுட்டியா?”

குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை. அதற்கப்புறம் அவள் சொன்னதெல்லாம் தணிந்த குரலில்தான் சொன்னாள். அப்பா வீட்டில் இருந்தபோது சாவி அண்ணனிடம் இருந்தது. கட்டிக்கொண்டு வந்த பிறகு புருஷனிடம் இருந்தது. அவன் போன பிறகுதான், நாற்பது வயசு தாண்டி, தன் கையில் ஒரு பூட்டும் சாவியும் வந்தது. மகள் படிப்பு முடித்து வந்தால் பெரியம்மா வீட்டில் ஓரமாகப் படு என்று சொல்வதா? உன்னை நான் கைவிட மாட்டேன் என்பது உனக்கே தெரியும். ஆனால் உன் வீட்டில் நான் இருப்பது வேறு, என் வீட்டில் நான் இருப்பது வேறு. இவ்வளவையும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போய் அடுப்பை மூட்டினாள். அரை மணி நேரத்தில் வழக்கம்போல் தட்டு வந்தது. காஜாக்கா சாப்பிட்டாள். பசித்தது, சாப்பிட்டாள்.

அவளுக்குக் குற்ற உணர்ச்சி வந்தது என்று சொன்னால் அது பொய். தைத்த இடத்தில் ஒரு காஜா அரை விரல் தள்ளி விழுந்துவிட்டால் சட்டையைப் பார்க்கும்போது ஒன்று உறுத்துமே, அந்த அளவுக்கு உறுத்தியது. தப்பாக விழுந்ததைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். மறுநாள் கடைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு வரைபடத்தைப் பார்க்கப் போனாள்.

“பட்டியல் தப்பும்மா,” என்றாள்.

எந்த வீடு என்று வரைபடம் பேனாவை எடுத்தாள். பதினஞ்சு வீடு என்றாள் காஜாக்கா. வீடு தப்பில்லை, அடுப்பு தப்பு. புருஷன் செத்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து சாப்பாடு வந்தால் இரண்டும் ஒரு வீடு ஆகிவிடுகிறது, முகத்தில் முழிக்காத அண்ணன் தம்பி அம்மா கைச் சமையலை ஒரே அடுப்பிலிருந்து எடுத்துப்போய்த் தனித்தனியாகச் சாப்பிட்டால் அதுவும் ஒரு வீடு ஆகிவிடுகிறது. பிசுக்கைப் பார்த்து எழுதினேன், பிசுக்கு பொய் சொல்லவில்லை, ஆனாலும் தப்பு. அப்படியானால் எதை வைத்துத்தான் எண்ணுவது என்று வரைபடம் கேட்டாள். அது எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டுக் காஜாக்கா கடைக்குப் போய்விட்டாள்.

மூன்று தரப்பும் மறுபடி நாற்காலி போட்டுக்கொண்டு உட்கார்ந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் பிரித்துக் கொடுத்தால் பாட்டனுக்கு ஒரு வீடு, பூனைக்கு ஒரு வீடு என்று ஆகும் என்றார் நகராட்சி மேற்பார்வையாளர். வாடகைக்குப் போக வழியில்லாதவர்களைத் தெருவில் விடவா இத்தனை பாடு என்றார் பஞ்சர் தலைவர். இரண்டு மணி நேரம் கழித்து, வரைபடம் ஒரு வழி சொன்னாள். அடுப்பும் வேண்டாம், பிசுக்கும் வேண்டாம். வாய் வார்த்தையை நம்புவோம். ஆட்சேபணை உள்ள ஜோடிகள் கூட்டுக் குழுவின் முன் பக்கத்தில் பக்கத்தில் நின்று, நாங்கள் ஒரே குடும்பம் அல்ல என்று ஆளுக்கொரு தடவை சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். நடுவில் வழி கிழி இருந்தால் ஒரு வாரத்துக்குள் அடைத்துவிட வேண்டும். அவ்வளவே. எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். நல்ல மனசோடு போட்ட விதி. அதனால்தான் பின்னால் யாராலும் அதை வாய்விட்டுத் திட்ட முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பஞ்சர் கடை வாசலில் மேஜை போட்டிருந்தது. குழு ஒரு பக்கம், ஜோடிகள் எதிரே வரிசையில், மிச்சச் சந்து முழுக்கச் சுற்றிலும். முதலில் அண்ணன் தம்பி. “இதைச் சொல்ல நாலு வருஷமா ஒரு இடம் தேடிக்கிட்டு இருந்தேன் சார்,” என்றான் தம்பி. கூட்டம் கொல்லென்று சிரித்தது. அடுத்து ஒரு மாமியாரும் மருமகளும். மாமியார் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டு, வேண்டுமானால் இன்னொரு தடவையும் சொல்வதாகச் சொன்னாள். அதற்கும் சிரிப்பு. மூன்று நாலு ஜோடி இப்படி ஓடியது. பிறகு ஒரு அக்காளும் தங்கையும் சொல்ல ஆரம்பித்துத் தங்கை பாதியில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்துவிட்டது.

பத்தாவதாகக் கிடங்கில் காவல் வேலை பார்த்து ஓய்ந்த பெரியவரும் அவர் மகனும் வந்தார்கள். மகன் தரையைப் பார்த்தபடி சொல்லி முடித்தான். பெரியவர் வாயைத் திறந்தார். மூடினார்.

“வாய் வரலை சார்,” என்றார்.

மேற்பார்வையாளர் இரக்கமுள்ளவர்தான். சொல்ல வேண்டாம், கையெழுத்து மட்டும் போடுங்கள் போதும் என்றார். பெரியவர் பேனாவை வாங்கி, கொஞ்ச நேரம் வைத்திருந்து, திருப்பிக் கொடுத்துவிட்டார். மகன் அவர் தோளைப் பிடித்து அழைத்துப் போனான். இரண்டு வீட்டு ஆட்கள் ஆறு பேருக்கும் ஒரே வீடு என்று பட்டியலில் நின்றுவிட்டது.

கடைசி ஜோடி இவர்கள். சின்னவள் முதலில் சொன்னாள். நாங்க என்றாள், நின்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி நாங்க என்றாள். மகளை நினைத்தாளோ, சுமந்த கல்லை நினைத்தாளோ, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு மிச்சத்தையும் சொல்லிவிட்டாள். கையெழுத்துப் போடும்போது பெயரின் கடைசி எழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது.

“நாங்க ஒரே குடும்பம் இல்லை,” என்றாள் காஜாக்கா.

ஒரே மூச்சில் சொன்னாள். வீட்டு எண், கதவு எண் படிக்கிற அதே குரல். பேனாவை வாங்கித் தன் பெயரை முத்து முத்தாக எழுதினாள். இப்படி எல்லாரும் தெளிவாகச் சொன்னால் வேலை எவ்வளவு சீக்கிரம் முடியும் என்று மேற்பார்வையாளர் பாராட்டினார். பட்டியலில் இரண்டு வரி ஆயிற்று. நூற்று எண்பத்தொன்று காஜாக்கா. நூற்று எண்பத்திரண்டு சின்னவள், தலைவி என்ற இடத்தில் அவள் பெயர். வேண்டியது கிடைத்துவிட்டது.

வீட்டுக்கு நடந்து வரும்போது சின்னவள் நாலடி முன்னால் நடந்தாள். அந்த வாரம் முழுக்கத் தட்டு வந்தது, பேச்சு வரவில்லை. காஜாக்கா அதைக் கவனித்தாள். கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் சுவரை அடைக்க உட்கார்ந்தார்கள். திங்கட்கிழமை மேற்பார்வையாளர் வந்து பார்ப்பார். இடித்த கல்லெல்லாம் காஜாக்காவின் பக்கம் மூலையில் அடுக்கியிருந்தது. சின்னவள் தன் பக்கம் சிமெண்ட் குழைத்து, கரணையால் பூசிப் பூசிக் கல்லை வைத்தாள். காஜாக்கா இந்தப் பக்கமிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். முதல் வரிசை, இரண்டாவது வரிசை. சின்னவளுடைய கால் மறைந்தது, முழங்கால் மறைந்தது, இடுப்பு மறைந்தது. சின்னவள் கைக்கு வேலை தெரியும். கல்லை வைத்து, கரணைப் பிடியால் ஒரு தட்டு, வழிந்த சிமெண்டை ஒரு வழிப்பு.

ஒரே ஒரு கல் வைக்க வேண்டிய இடம் மிச்சம் இருந்தபோது அவள் நிறுத்தினாள். அந்த இடைவெளியில், குனிந்து பார்த்த அவள் முகம் மட்டும் தெரிந்தது. மூக்கு நுனியில் சிமெண்ட் ஒட்டியிருந்தது.

“தனி வீடு கேட்டது நான்தான். இல்லேங்கல. கொஞ்சம் தயங்கிச் சொல்லியிருக்கலாம்லக்கா.”

காஜாக்கா உள்ளங்கையில் ஒட்டியிருந்த கல் தூளைத் தட்டிவிட்டாள்.

“அந்தப் பெரியவருக்கு வாயே வரல. எனக்குப் பாதியில நின்னு போச்சு. உனக்கு ஒரு தடவையாவது தொண்டை அடைச்சிருக்கக் கூடாதா?”

காஜாக்கா யோசித்தாள். இப்படிக் கேட்கிறவளுக்கு ஏதாவது ஆறுதலாகச் சொல்ல வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்தது. உள்ளே தேடிப் பார்த்தாள். இருந்ததைச் சொன்னாள்.

“அடைக்கலைடி. அவரு போனதுக்கே அடைக்கலையே.”

சின்னவள் கண்ணை இமைக்காமல் கேட்டாள். பெரியவள் வாயிலிருந்து ஒன்பது மாதத்தில் அதைப்பற்றி வந்த முதல் வார்த்தை அது. புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். சிமெண்ட் கன்னத்துக்கும் பரவியது.

“தெரியும்க்கா,” என்றாள். பிறகு, “சிமெண்ட் இறுகிடும். அந்தக் கல்லைக் குடு.”

கடைசிக் கல் ஓரம் உடைந்த அரைக் கல். பெரிய கனம் ஒன்றும் இல்லை. காஜாக்கா குனிந்து எடுத்தாள். நெஞ்சு வரைக்கும் தூக்கினாள். சின்னவள் இடைவெளி வழியாக இரண்டு கையையும் நீட்டினாள். ஒரு முழ தூரம்தான். இத்தனை கல்லைக் கொடுத்த கைதான். காஜாக்கா கல்லைப் பார்த்தாள், நீட்டிய கையைப் பார்த்தாள். தன் கை ஏன் அசையவில்லை என்று அவளுக்கே புரியவில்லை. சின்னவள் விரல்களை ஆட்டிக் கூப்பிட்டாள்.

“என்னக்கா? குடு.”

காஜாக்கா வாயைத் திறந்தாள். முதல் தடவை சத்தம் வரவில்லை.

“கை வரலைடி,” என்றாள்.